துடைக்கும்போது போன விரல்

என் வலது கையில் நடுவிரல் இப்போது முதல் கணு வரைதான் இருக்கிறது. ஆள்காட்டி விரல் முழுசாக இருக்கிறது, ஆனால் மடங்காது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அட்டைப்பெட்டி செய்யும் ஆலை ஒன்றில், பசை போடும் இயந்திரத்தின் உருளைகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. உற்பத்தி நடக்கும்போது நடந்திருந்தால் ஒருவேளை எனக்கே இவ்வளவு ஆறாமல் இருந்திருக்காது. ஆறு வருடம் அந்த இயந்திரத்தை ஓட்டினேன், ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. போனது ஷிப்ட் முடியும் நேரத்தில், கையில் ஒரு ஈரத்துணியோடு நின்றபோது. அன்றைக்கும் அதற்குப் பின் வந்த மாதங்களிலும் எனக்குத் தெரியாமல் போன விஷயங்கள் நிறைய. அவற்றில் பாதியை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் விரல் தப்பியிருக்குமோ என்னவோ, குறைந்தது அதற்கப்புறம் வந்த அலைச்சலாவது பாதியாகக் குறைந்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் இயந்திரத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மற்றது புரியாது. கீழே ஒரு இரும்பு உருளை பசைத் தொட்டியில் பாதி முங்கிச் சுற்றும். மேலே இன்னொரு உருளை அதை ஒட்டினாற்போல் எதிர்த் திசையில் சுற்றும். நடுவில் அட்டை போகும். மேல் உருளையைக் காற்றழுத்த சிலிண்டர்கள் இரண்டு கீழ்நோக்கி அழுத்திப் பிடித்திருக்கும். ஷிப்ட் முடிந்ததும் பசையைத் துடைக்காமல் விட்டால் காய்ந்து ஓடு மாதிரி ஒட்டிக்கொள்ளும், அடுத்த ஷிப்டில் அட்டையில் கோடு விழும். ஆகவே தினமும் துடைத்தே ஆக வேண்டும். உருளை நின்றிருந்தால் நம் பக்கம் தெரிகிற பகுதியை மட்டும்தான் துடைக்க முடியும். மறுபக்கம் வர வேண்டுமானால் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிவிட்டுத் துடைக்க வேண்டும். அப்படிச் செய்தால் இரண்டு உருளைக்கும் சேர்த்து நாற்பது நிமிடம் ஆகும். எங்களுக்கு இருந்தது பதினைந்து நிமிடம். அடுத்த ஷிப்ட் ஆள் வந்து பக்கத்தில் நிற்பார். எனவே வேகத்தைக் குறைத்து ஓடவிட்டு, ஈரத்துணியை உருளைமேல் அழுத்திப் பிடிப்போம். உருளை தானாகவே சுற்றித் தன் மேலெல்லாம் துடைத்துக்கொள்ளும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே எனக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார் ஒரு மூத்த அண்ணன். அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். உருளைகளுக்கு முன்னால் கீல் வைத்த இரும்புக் காப்பு ஒன்று உண்டு. அதைத் திறந்தால் இயந்திரம் நிற்க வேண்டும், அதற்காகவே இன்டர்லாக் சுவிட்ச் வைத்திருந்தார்கள். அந்த சுவிட்சை ஒரு பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டியிருந்தது. யார் கட்டினார்கள் என்று தெரியாது, நான் சேர்வதற்கு முன்பிருந்தே அப்படித்தான். காப்பைத் திறந்து வைத்தபடியே ஓட்டலாம். சுவரில் நேர் மேலே 'இயந்திரம் ஓடும்போது சுத்தம் செய்யாதீர்' என்று பலகையும் இருந்தது. ஆறு வருடம் அந்தப் பலகைக்குக் கீழே நின்றுதான் துடைத்தேன். மேலாளர்கள் அந்த வழியாகத்தான் தினமும் நடந்து போனார்கள்.

அன்று இரவு ஷிப்ட். காலை ஐந்தே முக்கால் இருக்கும். துணியின் ஒரு முனையை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் சுற்றிப் பிடித்திருந்தேன், நழுவாமல் இருக்கட்டும் என்று. பருத்திக் கையுறையும் போட்டிருந்தேன். உருளைகள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே இழுக்கும் பக்கத்தில் நின்றிருந்தேன், ஏனென்றால் காப்பு திறப்பது அந்தப் பக்கம்தான். துணியின் தொங்கிய மூலை ஒன்று பசையில் ஒட்டி உள்ளே போனது. அது போனதைப் பார்த்தேன். விட வேண்டும் என்றுகூட நினைத்தேன். நினைத்து முடிக்கும்போது கை உள்ளே இருந்தது.

'ஏன் சட்டென்று கையை இழுக்கவில்லை?' என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. நானே என்னைப் பல இரவுகள் கேட்டிருக்கிறேன். பிறகு ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். துடைக்கும்போது உருளையை நிமிடத்துக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓட விடுவோம். எங்கள் கண்ணுக்கு அது ஆமை வேகம். ஆனால் அது விநாடிக்கு 33 சென்டிமீட்டர். ஒன்றைக் கண் பார்த்து, மூளை உணர்ந்து, கை அசையத் தொடங்க சாதாரண மனிதனுக்குக் கால் விநாடி போல ஆகும். அந்தக் கால் விநாடியில் உருளையின் பரப்பு 8 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ஒரு விரலின் நீளம். நான் எவ்வளவு சுறுசுறுப்பானவனாக இருந்திருந்தாலும் துணி விரலில் சுற்றியிருந்த பிறகு அந்தக் கணக்கு மாறியிருக்காது. 'மெதுவாகத்தானே ஓடுகிறது' என்று தோன்றினால் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். கையுறையும் அப்படித்தான். உருளை, சங்கிலி, துளையிடும் முனை போன்று சுற்றுகிற எதன் பக்கத்திலும் கையுறை காப்பாற்றாது, தோலைவிட நன்றாகப் பிடித்துக்கொண்டு உள்ளே இழுக்கும். தொங்கும் துணி, சட்டைக் கைநுனி, கழுத்துத் துண்டு, மோதிரம், அவிழ்ந்த முடி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

எதிர்ப்பக்கம் நின்ற உதவியாள் தம்பி நான் கத்தியதும் சிவப்புப் பொத்தானை அடித்தான். உருளைகள் நின்றன. ஆனால் கை வெளியே வரவில்லை. மணிக்கட்டுக்குச் சற்று முன்வரை உள்ளே இருந்தது, மேல் உருளை முழு அழுத்தத்தோடு அதன் மேல் உட்கார்ந்திருந்தது. ஓடி வந்தவர்களில் ஒருவர், "ரிவர்ஸ் போடு, ரிவர்ஸ் போடு" என்றார். இன்னொருவர் என் தோளைப் பிடித்து இழுக்கப் பார்த்தார். அந்த நேரத்தில் ஃபிட்டர் அண்ணன் வந்து சேர்ந்தது என் அதிர்ஷ்டம். "யாரும் எதையும் தொடாதீங்க. தம்பி, கையை இழுக்காதே, என்னைப் பார்" என்றார். மெயின் சுவிட்சை அணைத்து, அதன் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தினார். உருளைகளுக்கு இடையே இரு ஓரத்திலும் மரக்கட்டை செருகினார். அப்புறம் காற்றுக் குழாயின் வால்வைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றினார். பிறகுதான் மேல் உருளையை நெம்பித் தூக்கினார்கள். ஒன்பது நிமிடம் ஆனதாகப் பின்னால் சொன்னார்கள். எனக்கு அது எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை.

அந்த ஒன்பது நிமிடத்தில்தான் ஒரு விஷயம் உறைத்தது. சிவப்புப் பொத்தான் மோட்டாரைத்தான் நிறுத்தியது, இயந்திரத்திடம் இருந்த சக்தியை எடுத்துவிடவில்லை. காற்றழுத்தம் அப்படியே இருந்தது. மின்சாரத்தை அணைத்தால்கூட அது போகாது. பல இயந்திரங்களில் இப்படி ஒளிந்திருக்கும் சக்தி உண்டு: அழுத்தத்தில் இருக்கும் காற்று அல்லது எண்ணெய், இழுபட்ட ஸ்பிரிங், மேலே தூக்கி நிறுத்திய எடை, அணைத்த பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும் கனமான சக்கரம், சூடு. சிக்கிய ஆளை எடுக்க யோசிக்காமல் பின்னோக்கி ஓட்டினால் கை இரண்டாவது தடவை நசுங்கலாம், கூடவே தோல் உரிந்து வரலாம். உங்கள் இயந்திரத்தில் யாராவது சிக்கினால் எப்படி விடுவிப்பது என்பதை இன்றைக்கே, எல்லோரும் நிதானமாக இருக்கும்போது, பராமரிப்பு ஆளிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் வெளியேற்றும் வால்வு எது, உருளையைத் தூக்கும் சக்கரம் எது என்று ஷிப்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஷிப்டில் அந்த ஒருவருக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. அவர் அன்று விடுப்பில் இருந்திருந்தால்?

முதலுதவியில் நடந்த தவறுகளைச் சொல்கிறேன், யாரையும் குறை சொல்வதற்காக அல்ல. எல்லோரும் பதற்றத்தில், நல்ல மனதோடுதான் செய்தார்கள். நடுவிரலின் முனை தனியாகப் போயிருந்தது. அதைத் தேடி எடுத்து ஒரு குவளையில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே போட்டுக் கொண்டுவந்தான் தம்பி. துண்டான பாகம் நேரடியாக ஐஸில் படக் கூடாது, திசு உறைந்து செத்துவிடும். தண்ணீரில் ஊறவும் விடக் கூடாது. அழுக்கை லேசாக அலசிவிட்டு, சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைக்க வேண்டும். என் விரலைப் பொறுத்தவரை அது நசுங்கியிருந்த நிலைக்கு எப்படிக் கொண்டுவந்திருந்தாலும் ஒட்டியிருக்க முடியாது என்று மருத்துவர் சொன்னார். அதைத் தம்பியிடம் பலமுறை சொல்லிவிட்டேன், அவன் மனசு இன்னும் கேட்கவில்லை. வெட்டுப்பட்ட விரலாக இருந்தால் கதை வேறாக இருக்கலாம், அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். இரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை இதயத்துக்கு மேலே உயர்த்தி வைக்க வேண்டும். மோதிரம் இருந்தால் வீங்குவதற்கு முன்பே கழற்ற வேண்டும். எனக்கு யாரோ அன்போடு தண்ணீர் கொடுத்தார்கள். உடனே அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் மயக்க மருந்துக்காக வாய்வழியே எதுவும் கொடுக்கக் கூடாதாம்.

பெரிய இழப்பு ஆஸ்பத்திரி விஷயத்தில். பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கட்டுப் போட்டு, எக்ஸ்ரே எடுத்து, டெட்டனஸ் ஊசி போட்டு, காத்திருக்கச் சொன்னார்கள். மூன்று மணி நேரம் கழித்துத்தான், கை அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர் அங்கே இல்லை என்பது தெரிந்தது. அங்கிருந்து வேறு ஆஸ்பத்திரி போய் அறுவை அரங்குக்குள் நுழைந்தபோது மதியம் ஒன்றரை. இதற்கிடையில் கை பந்து மாதிரி வீங்கியிருந்தது. உருளையில் நசுங்கிய கைக்கு வெளித்தோல் பெரிதாகக் கிழியாவிட்டாலும் உள்ளே வீக்கம் ஏறி இரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடலாம். வலி குறையாமல் ஏறிக்கொண்டே போவது, விரல் மரத்துப்போவது, அசைத்தாலே உயிர் போவது, இவை தெரிந்தால் ஒரு மணி நேரம்கூடப் பொறுக்காமல் மருத்துவரிடம் சத்தமாகச் சொல்ல வேண்டும். எனக்கு உள்ளங்கையில் நீளமாகக் கீறி அழுத்தத்தை இறக்க வேண்டியிருந்தது. உங்கள் ஆலைக்கு எட்டும் தூரத்தில் கை அறுவை அல்லது பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு எந்த ஆஸ்பத்திரியில் இரவிலும் இயங்குகிறது என்று இப்போதே விசாரித்து, போன் எண்ணை முதலுதவிப் பெட்டியின் மூடியில் ஒட்டி வைத்துவிடுங்கள். போகும் வழியிலேயே போன் செய்து சொல்லிவிட்டால் அங்கே ஆள் தயாராக இருப்பார்கள்.

இரண்டாம் நாள் காலை. வலி மருந்தில் பாதி தூக்கம், பாதி விழிப்பு. நிறுவனத்திலிருந்து இருவர் வந்தார்கள். மரியாதையாகப் பேசினார்கள், என் மனைவிக்கு ஆறுதல் சொன்னார்கள். "இன்சூரன்ஸுக்கு அவசரமா வேணும்" என்று டைப் அடித்த ஒரு பக்கத்தை நீட்டினார்கள். வலது கை கட்டில் இருந்ததால் இடது பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டு போனார்கள். நான் படிக்கவில்லை. மூன்று மாதம் கழித்துப் பிரதி கைக்கு வந்தபோது அதில், 'பாதுகாப்பு விதிகளை அறிந்திருந்தும் மீறி, சொந்தக் கவனக்குறைவால்' என்று இருந்தது. கட்டி வைத்த இன்டர்லாக் பற்றியோ பதினைந்து நிமிடம் பற்றியோ ஒரு வரி இல்லை. அந்த ஒரு பக்கத்தைச் சரிசெய்ய எனக்குப் பதினான்கு மாதம் ஆனது.

ஆனால் அதைவிட மோசமானது ஒன்று. அதில் எழுதியிருந்ததை நானே நம்பினேன். தப்பு என்னுடையதுதான், பலகையைப் படிக்கத் தெரிந்தவன்தானே நான், என்று மாதக்கணக்கில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டுக்கு வந்த உறவினர்களுக்குப் போர்வைக்குள் கையை மறைத்துக்கொண்டேன். இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கவே வேண்டாம் என்றேன். என் அக்காதான் பிடிவாதமாக ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் அழைத்துப் போனார். அவர் கையைப் பார்க்கவில்லை, என்ன நடந்தது என்றுகூட முதலில் கேட்கவில்லை. "அந்த உருளையை நிறுத்தி வைத்துத் துடைக்க எவ்வளவு நேரம் ஆகும்? உங்களுக்கு எவ்வளவு நேரம் கொடுத்தார்கள்?" என்று கேட்டார். நாற்பது, பதினைந்து என்றேன். சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக அன்றுதான் அழுதேன்.

அந்தக் கேள்வியை ஒவ்வொரு ஆலையிலும் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். சுத்தம் செய்வதை யாரும் வேலையாகக் கணக்கில் எடுப்பதில்லை. உற்பத்திக்கு மணிக்கு இத்தனை என்று இலக்கு இருக்கும், துடைப்பதற்கு மிச்சமிருக்கும் நேரம்தான். இயந்திரத்தை வடிவமைப்பவரும் அட்டை எப்படிப் போகும் என்று யோசிக்கிற அளவுக்குப் பசையை யார், எங்கே நின்று, எப்படித் துடைப்பார்கள் என்று யோசிப்பதில்லை. இத்தனைக்கும் இது புதுச் செய்தி இல்லை. 1844-லேயே பிரிட்டனின் ஆலைச் சட்டம், ஓடிக்கொண்டிருக்கும் சக்கரத் தண்டுகளைக் குழந்தைகளையும் இளம் வயதினரையும் கொண்டு சுத்தம் செய்விக்கக் கூடாது என்று தடை போட்டது. 1963-ல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 119-ஆம் உடன்படிக்கை, காப்பைச் செயலிழக்கச் செய்த இயந்திரத்தில் எந்தத் தொழிலாளியையும் வேலை செய்யச் சொல்லக் கூடாது என்றது. சுத்தம், பழுது வேலைகளின்போது சக்தியைத் துண்டித்துப் பூட்டுப் போட வேண்டும் என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் 1989-ல் விதி கொண்டுவந்தது. இதையெல்லாம் படுக்கையில் கிடந்த நாட்களில் இடது கையால் போனில் தட்டித் தட்டித்தான் படித்தேன். ஆறு வருடத்தில் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

அந்தப் பூட்டு முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். லாக்அவுட் டேக்அவுட் என்பார்கள், சுருக்கமாக லோட்டோ. உள்ளே கை வைக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் சுற்றியிருப்பவர்களிடம் சொல்லுங்கள். வழக்கமான பொத்தானில் இயந்திரத்தை நிறுத்துங்கள். பிறகு மெயின் ஐசொலேட்டரை, அதாவது இயந்திரத்துக்கு வரும் மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் சுவிட்சை, அணைத்து அதில் உங்கள் சொந்தப் பூட்டைப் போடுங்கள். சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்க வேண்டும், சூப்பர்வைசர் மேசையில் அல்ல. மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டு. பெயர் எழுதிய அட்டை தொங்க வேண்டும். காற்று, எண்ணெய் அழுத்தத்தை வெளியேற்றி, தூக்கி நிற்பதைக் கட்டை கொடுத்து நிறுத்துங்கள். கடைசியாக, இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி இயந்திரம் உண்மையிலேயே உயிரில்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் ஆலையிலேயே ஒருமுறை தவறான ஐசொலேட்டரை அணைத்துவிட்டு ஒருவர் உள்ளே இறங்கியது எனக்குத் தெரியும். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் யாரும் அதை எழுதி வைக்கவும் இல்லை. எமர்ஜென்சி பொத்தானை அடித்துவிட்டுக் கை வைப்பதைப் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். இன்னொருவர் அதை விடுவித்து ஓட்டிவிட ஒரு விநாடி போதும்.

உருளையைச் சுற்றாமல் துடைக்கவே முடியாது என்ற பிரச்சினைக்கும் வழி இருக்கிறது. இஞ்சிங் பொத்தான் என்று ஒன்று, அழுத்திப் பிடித்திருக்கும்வரை மட்டும் உருளை மெல்ல நகரும், விட்டால் நிற்கும். அந்தப் பொத்தானும் துடைக்கும் கையும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும், பொத்தான் உருளையிலிருந்து எட்டாத தூரத்திலும் இருக்க வேண்டும். நகர்த்து, நிறுத்து, துடை, பின்னால் வா, மறுபடி நகர்த்து. ஒருவர் பொத்தானிலும் இன்னொருவர் உருளையிலும் இருப்பது மிக ஆபத்தான ஏற்பாடு. 'சரி' என்று ஒருவர் சொல்வது இன்னொருவர் காதில் எப்படி விழும் என்று சத்தம் நிறைந்த ஆலையில் யாருக்குத் தெரியும்? இஞ்சிங் வசதி இல்லையா, நிறுத்திப் பூட்டிவிட்டுக் கையால் சுற்றுங்கள். காய்வதற்கு முன் பசையை வழித்தெடுக்கும் தகட்டை இயந்திரத்திலேயே பொருத்தச் சொல்லுங்கள். துணியை எந்தக் காரணத்துக்காகவும் விரலில் சுற்றாதீர்கள்.

மறுப்பது எளிது என்று சொல்ல மாட்டேன். வாடகையும் பிள்ளைகள் படிப்பும் இருக்கிறவனுக்கு, 'செய்ய மாட்டேன்' என்ற வார்த்தை வாயில் வராது. எனக்கும் வந்திருக்காது. ஆனால் வேறு மாதிரி கேட்கலாம். 'சார், பூட்டிட்டுத் துடைக்கிறேன், நாற்பது நிமிஷம் ஆகும், ஷிப்ட் புத்தகத்தில எழுதிடட்டுமா?' என்று கேட்டுப் பாருங்கள். எழுத்து என்றதும் பதில் மாறுவதைப் பின்னால் மற்றவர்கள் விஷயத்தில் பார்த்தேன். கட்டி வைத்த இன்டர்லாக், கழன்ற காப்பு எது கண்ணில் பட்டாலும் தேதியோடு ஷிப்ட் புத்தகத்தில் எழுதுங்கள். முடிந்தால் தனியாக அல்லாமல் நான்கு பேராகக் கையெழுத்துப் போடுங்கள். துணி உள்ளே போய்க் கை தப்பிய சம்பவம் எங்களுக்கு ஆறு வருடத்தில் குறைந்தது ஐந்தாறு முறை நடந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் நெஞ்சு படபடக்க நின்று, தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த வேலையைப் பார்த்தோம். அந்த ஐந்தாறில் ஒன்றையாவது எழுதி வைத்திருந்தால் என்று இன்றும் நினைக்கிறேன்.

விபத்து நடந்துவிட்டால் காகிதம் விஷயத்தில் கவனமாக இருங்கள். மருந்து மயக்கத்தில் எதிலும் கையெழுத்தோ ரேகையோ வைக்காதீர்கள். 'படித்துவிட்டு நாளை தருகிறேன்' என்று சொல்வதில் தவறில்லை, உங்களால் முடியாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் சொல்லட்டும். விபத்துப் பதிவேட்டில் எழுதியதன் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். இயந்திரத்தை மாற்றிவிடுவதற்குள் யாரையாவது படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எனக்கு அடிபட்ட மறுநாளே அந்தப் பிளாஸ்டிக் பட்டை காணாமல் போய்விட்டது. அதே தம்பி அதற்கு முந்தைய மாதம் ஒரு படம் எடுத்திருந்தான், இயந்திரத்துக்கு முன்னால் நின்று சாதாரணமாக எடுத்துக்கொண்ட படம். பின்னணியில் பட்டை தெரிந்தது. என் வழக்கில் மிகவும் உதவியது அதுதான். சம்பளச் சீட்டுகள், ஷிப்ட் அட்டவணை, மருத்துவச் சீட்டுகள், பயண ரசீதுகள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். இழப்பீடு கேட்கப் பெரும்பாலும் சட்டத்தில் காலக்கெடு இருக்கும், குணமான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். அதேசமயம், நிரந்தர ஊனம் எவ்வளவு என்று முடிவு செய்வதைக் காயம் முழுதாக ஆறி சிகிச்சை முடிவதற்கு முன் அவசரப்பட்டு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். முதல் அறுவை சிகிச்சைச் செலவை நிறுவனம் கட்டியது. முதல் மாதம் முழுச் சம்பளம் வந்தது, இரண்டாம் மாதம் பாதி, மூன்றாம் மாதத்திலிருந்து எதுவும் வரவில்லை. ஏழு மாதம் வேலைக்குப் போகவில்லை. இரண்டாவது அறுவை, தெரபி, போக்குவரத்து என்று கைக்காசில் போனது ஏறக்குறைய ஐந்து மாதச் சம்பளம். நான்கு வருடச் சேமிப்பு அதோடு கரைந்தது, அக்காவிடம் வாங்கிய கடன் இன்னும் கொஞ்சம் பாக்கி. இழப்பீடு வந்தபோது அந்தப் பள்ளம் முழுதாக நிரம்பவில்லை.

கை ஆறுவது பற்றி ஒன்று. அறுவை சிகிச்சை பாதிதான், மீதி தெரபி. வலிக்கிறது என்று நான் முதல் மூன்று வாரம் பயிற்சியைத் தட்டிக்கழித்தேன். ஆள்காட்டி விரல் இன்று மடங்காமல் இருப்பதில் அந்த மூன்று வாரத்துக்குப் பங்கு உண்டு என்று தெரபிஸ்ட் அம்மா நேராகவே சொன்னார். புகைப்பழக்கம் இருந்தால் உடனே விட வேண்டும், அது சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்கி ஆறுவதைக் கெடுக்கும். இல்லாத விரல் நுனி அரிக்கும், எரியும், அது மனப்பிரமை இல்லை, நரம்பு செய்யும் வேலை. பஞ்சு, துணி, மணல் என்று வெவ்வேறு பரப்புகளில் மொட்டை நுனியைத் தேய்த்துப் பழக்கியதும் கண்ணாடியில் இடது கையைப் பார்த்தபடி செய்த பயிற்சியும் எனக்குக் கைகொடுத்தன. குளிரில் இன்னும் கை வலிக்கிறது. இரவில் உருளைச் சத்தம் கேட்டு விழித்த காலமும் உண்டு. அதை வெட்கப்பட்டு மறைத்தேன், மருத்துவரிடம் சொல்லியிருந்தால் தூக்கமாவது சீக்கிரம் திரும்பியிருக்கும்.

எட்டாவது மாதம் அதே ஆலைக்குத் திரும்பினேன், இப்போது தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். முதல் வாரம் அந்த இயந்திரத்தின் பக்கமே போகவில்லை. அப்புறம் ஒருநாள் ஷிப்ட் முடியும் நேரத்தில் போய் நின்றேன். இன்டர்லாக் புதிதாக மாற்றியிருந்தார்கள், கட்ட முடியாத இடத்தில். இஞ்சிங் பொத்தான் வந்திருந்தது. ஐசொலேட்டரில் சிவப்புப் பூட்டு தொங்கியது, அட்டையில் தம்பியின் பெயர். உருளையைக் கையால் சுற்றிச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். மணியைப் பார்த்தேன். முப்பத்தெட்டு நிமிடம் எடுத்தான். ஷிப்டை இப்போது நாற்பது நிமிடம் முன்னதாகவே நிறுத்திவிடுகிறார்கள்.